வெளிக்கிடுங்கோ

1

இன்று காலை கடைவீதி முனையில் ஜட்கா வண்டிக்காரர் பழனி, குதிரையின் கழுத்தைத் தட்டியபடி என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்னங்க நர்சம்மா, வெளிக்கிடலாமுங்களா?"

ஒரு கால் வண்டிப் படியில், ஒரு கால் சேலத்துப் புழுதியில். அப்படியே நின்றுவிட்டேன். பழனி சிரிக்கவில்லை. குதிரையும் சிரிக்கவில்லை. நான் மட்டும் கடலுக்கு அப்பால் ஒரு பனையோலை வேலி ஓரத்தில், பள்ளிக்கூட மணிக்குப் பிந்தி, அவிழ்ந்த பின்னலோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சொல் இந்த ஊருக்கு வந்துவிட்டது. வண்டிக்காரர் வாய்க்கே வந்துவிட்டது.

நம் யாழ்ப்பாணப் பத்திரிகையில் இதைப் படிக்கிற உங்களுக்கு, இதில் திடுக்கிட என்ன இருக்கிறது என்று தோன்றும். நமக்கு வெளிக்கிடு என்றால் புறப்படு. கோயிலுக்கு வெளிக்கிடுவோம், கலியாணத்துக்கு வெளிக்கிடுவோம், செத்த வீட்டுக்கும் வெளிக்கிடுவோம். சேலம் நாமக்கல் சமவெளியில் அதன் பொருள் வேறு. சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், முதலில் நான் ஏறி உட்கார வேண்டும்.

என் கணவர் மேட்டூரில் அணைக்கட்டு வேலைக்குப் படம் வரைய வந்தவர். நான் தாதிப் படிப்பு முடித்தவள். கல் உடைக்கிறவர்களின் குடிசைகளில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தேன். ஓடிய ஆறு நின்று கடலாகிற வரைக்கும் அங்கே இருந்தோம். வேலை முடிந்ததும் கொட்டகைகள் போயின, கல் உடைத்தவர்கள் போனார்கள். நாங்கள் போகவில்லை. அவருக்குச் சேலத்தில் வேலை கிடைத்தது. எனக்குக் கிராமம் கிராமமாகப் போய்ச் சுகாதாரம் பேசுகிற உத்தியோகம். அடுத்த வருஷம் வருகிறோம் என்று வருஷா வருஷம் வீட்டுக்கு எழுதுகிறேன். எழுதுகிற மை மட்டும்தான் மாறுகிறது.

சேர்ந்த நாளில் குமாஸ்தா பிறந்த ஊரைக் கேட்டார். திருநெல்வேலி என்றேன். நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, வேறென்ன. அவர் மறு கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அரசாங்கக் காகிதங்களில் நான் தாமிரபரணிக் கரைக்காரி. லீவு முடிந்து வந்தால், "அல்வா எங்கேம்மா?" என்று கேட்கிறார்கள். கடல் ஒன்று நடுவில் இருக்கிறது என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். "கடலோரமா? அப்ப கருவாடு கொண்டாங்க" என்றார்கள்.

2

எருமப்பட்டிச் சந்தைத் திடல். என் முதல் பிரசங்கம். பொழுது சாய்ந்ததும் வேட்டியைக் கட்டித் திரையாக்கி, மேஜிக் லாந்தர் வைத்துப் படம் காட்டினோம். வண்டி வண்டியாகச் சனம். ஓடைக் கரையிலும் கிணற்றோரத்திலும் மலம் கழித்தால் வாந்திபேதி எப்படி வருகிறது என்று தொண்டை வறளச் சொல்லி முடித்தேன். விளக்கில் எண்ணெய் தீரப்போகிறது. எனக்கும் எண்ணெய் தீர்ந்துவிட்டது. களைத்த வாய் தன் வீட்டைத் தேடிப் போகும் அல்லவா?

"சரி, நேரம் போச்சுது. எல்லாரும் வெளிக்கிடுங்கோ" என்றேன்.

முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் மெல்ல எழுந்தார்.

"ஏனுங்கம்மா, இம்புட்டு நேரம் காட்டுப்பக்கம் வெளிக்கிப் போவாதீங்கன்னு படங் காட்டிப்போட்டு, இப்ப எல்லாத்தையும் ஒண்ணா இருக்கச் சொன்னா எப்படிங்க?"

"அதுவும் சந்தைக்குள்ளயாக்கும்!" என்றாள் ஒருத்தி.

"எனக்கு இப்ப வரலீங்களே!" என்றது இருட்டில் ஒரு குரல்.

அப்புறம் எழுந்த சிரிப்பில் திரை ஆடியது. இங்கே வெளிக்கி என்றால் காலைக்கடன். நானோ ஊரையே கூட்டிவைத்து, எல்லாரும் வெளிக்கி இடுங்கோ என்று அன்பாகக் கட்டளையிட்டிருக்கிறேன். லாந்தர்க்காரர் பெட்டிக்குப் பின்னால் குனிந்தவர் நிமிரவேயில்லை. எனக்கு உள்ளங்கால் வரைக்கும் கூசியது. தமிழ் பேசுகிற ஊருக்குத்தானே வந்தேன்? பாஷை தெரியாத ஊரில் வழுக்கி விழுந்தால் மன்னிப்பு உண்டு. சொந்தப் பாஷையில் விழுந்தவளை யார் தூக்கி நிறுத்துவது?

அன்றிலிருந்து என் பேச்சுக்கு இஸ்திரி போட்டேன். யாழ்ப்பாணமும் வேண்டாம், கொங்கும் வேண்டாம். புத்தகத்தில் இருப்பதுபோல் பேசுவது என்று. அதில் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரிக்கவில்லைதான்.

3

இந்த ஜில்லாவில் என்னைப்போல் ஊர் ஊராகச் சுகாதாரம் பேசப் போகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. கூட்டத்தில் உப்புமா நன்றாக இருக்கும் என்று லாந்தர்க்காரர் சொன்னதால்தான் முதலில் போனேன். உப்புமா சுமார். ஆனால் அங்கேதான், தனியாக ஒரு ஊரில் நின்று கத்திவிட்டு வருகிற அலுப்பு எனக்கு மட்டும் உரியது இல்லை என்று தெரிந்தது. ஓமலூரில் ஒருவர் பேசப்போன இடத்தில் அவரை நாட்டு வைத்தியர் என்று நினைத்து மாட்டுக்கு மருந்து கேட்டிருக்கிறார்கள். ராசிபுரத்துக்காரர் பெரிதாக்கிய கொசுப் படத்தைக் காட்டிவிட்டு, வௌவாலுக்கு என்ன வழி என்ற கேள்வியோடு திரும்பியிருக்கிறார். அழாத குறையாகச் சிரித்தோம். எந்தத் தாலுக்கா என்று அங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை.

செயலாளர் சபாபதி மெலிந்த மனிதர். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். நான் நாலு வார்த்தை பேசியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா பேசினா அச்சுல பார்க்கற மாதிரி இருக்கு. புதுசா வர்ற பிள்ளைங்களை நீங்கதான் பழக்கணும்."

இப்படித்தான் இஸ்திரி போட்ட பேச்சு எனக்கு ஒரு பதவி வாங்கிக் கொடுத்தது. புதிதாக வருகிறவர்கள் ஆறேழு மாதம் மூத்தவர் ஒருவரோடு சுற்ற வேண்டும். பிறகு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மேடையேறி, சபாபதி எழுதிய மாதிரிப் பிரசங்கத்தை ஒப்பிக்க வேண்டும். சங்கம் சிபாரிசு எழுதினால்தான் வேலை நிரந்தரம். அந்தப் பிரசங்கம் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அழகான தமிழ். நடுவில் இப்படி வரும்: "மலஜலம் கலந்த நீரைப் பருகுவதாலேயே வாந்திபேதி உண்டாகிறது. ஆகையால் மலஜலத்தைக் கண்டு அஞ்சி விலகுவீராக."

எத்தனை கிராமத்தில் எத்தனை வாய் இதைச் சொல்லியிருக்கும்! என் வாயும் சொல்லியிருக்கிறது.

4

பாவாயி எருமப்பட்டிக்காரி. காடு கழனி உள்ள வீட்டுப் பெண். எட்டாம் வகுப்பு முடித்தவள், நெடுநெடுவென்று உயரம், நடந்தால் நான் ஓட வேண்டும். என்னிடம் ஒப்படைத்த அன்று அவள் அப்பாவும் கூட வந்திருந்தார். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"கூட்டம் வரைக்கும் பாப்பனுங்க. சங்கத்துக்காரங்க லாயக்குன்னு எழுதிக் குடுத்தாங்கன்னா இதுபாட்டுக்குப் போவட்டும். இல்லீன்னா சித்திரையில மாமன் ஊட்டுக்குப் போயிர வேண்டியதுதான். ஆளு ரெடியா இருக்குது."

"ஆளுக்கு என்னைய விட ரெண்டு மடங்கு வயசுங்க" என்றாள் பாவாயி, என் காதில் மட்டும். "மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளு வேணுமாம்."

அவளுக்கு ஒரே ஆசை, என்னைப்போலப் பேச வேண்டும். ஊடு என்று வந்தால் தன் வாயில் தானே அடித்துக்கொள்வாள். வரப்பில் எனக்கு முன்னால் நடந்தபடி "வீடு, வீடு, வீடு" என்று சொல்லிக்கொண்டே போவாள். எதிரே வந்த கிழவர், "எந்த ஊடு அம்மிணி தேடற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் வீட்டில் நேர்மாறு. என் மகன் ஒரு காலை புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, "அம்மா, போயிட்டு வாரேனுங்க" என்றான். என்னிடம்! பெற்ற தாயிடம் உங்க! கையில் இருந்த கரண்டி நழுவியது.

"போட்டு வாறன் எண்டு சொல்லு" என்றேன்.

"வாறனும் வாரேனும் ஒண்ணுதானுங்களேம்மா?"

ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்தான். ஆனால் அந்த இடைவெளியில் மன்னார்க் கடல் முழுதும் கிடக்கிறது. அவன் நண்பர்கள் வாசலில் நின்று அவனைச் சாமி, சாமி என்று கூப்பிட்டார்கள். இங்கே பிள்ளைகளும் சாமிதான், பெரியவர்களும் சாமிதான். என் சாமி படி தாண்டி ஓடிவிட்டான். என்னைப்போலப் பேச ஆசைப்பட்ட ஒரே பிள்ளை, அன்று வேலைக்குக் கூட்டிப்போக வந்திருந்த பாவாயி, அடுத்தவர் பெற்ற பிள்ளையாக என் பக்கத்தில் நின்று, கரண்டியை எடுத்துக் கொடுத்தது.

மாசியில் பாவாயியைக் கொல்லிமலை அடிவாரத்து ஊர் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். அவளே பேசட்டும் என்று பின்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். ஒரு சொல் பிசகவில்லை. 'மலஜலத்தைக் கண்டு அஞ்சி விலகுவீராக' என்று கையை உயர்த்தியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெண்கள் வாய் பிளந்து கேட்டார்கள். முடிந்ததும் அந்த ஊரின் பெரிய நிலக்காரர் எழுந்தார். ஊரார் அவரைப் பண்ணாடி என்பார்கள். அவர் கைகூப்பிச் சொன்னார்:

"நம்ம பக்கத்துப் புள்ள இப்படிப் பேசுது, பெருமையா இருக்குதுங்க. சொன்னபடியே செஞ்சு போடறோமுங்க."

செய்தார்கள். ஊர் மொத்தமும் பிரசங்கத்தின்படி நடப்பதாகப் பண்ணாடி சொல்லியனுப்பினார். சபாபதி அதைச் சங்கத்தில் எழுந்து நின்று சொன்னபோது, ஓமலூர்க்காரர் கைதட்டினார். எங்கள் பேச்சுக்கு ஓர் ஊர் முழுதாகக் கீழ்ப்படிந்தது அதுதான் முதல் தடவை.

5

பங்குனியில் அதே ஊரில் வாந்திபேதி என்று தகவல் வந்தது.

எனக்குப் புரியவில்லை. அந்தச் சுற்று வட்டாரத்திலேயே நல்ல தண்ணீர் உள்ள ஊர் அது. மலையிலிருந்து இறங்குகிற ஓடையை வாய்க்கால் வெட்டி ஊர்த் தொட்டியில் விட்டிருப்பார்கள். கண்ணாடி போன்ற தண்ணீர். கோடையிலும் விரல் மரத்துப்போகும். கிணற்றில் போடும் மருந்தும் ஊசிமருந்தும் எடுத்துக்கொண்டு, நானும் பாவாயியும் மருத்துவரின் வண்டியில் போனோம்.

ஊருக்குள் நுழையும்போதே வாய்க்கால் வறண்டு கிடந்தது. ஓடையிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைமடையைப் பார்த்தேன். கல்லடுக்கி, மண் குழைத்துப் பூசி, மேலே முள்ளும் போட்டு அடைத்திருந்தார்கள். தண்ணீர் மறுபக்கமாகத் திரும்பி, காட்டுக்குள் யாருக்கும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் வீட்டு வாசற்படியில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். ராமாயி. பிரசங்கத்தன்று மடியில் ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தவள். அந்தக் குழந்தை என் பித்தளைக் குடைப்பிடியைப் பிடித்து இழுத்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது மடி வெறுமையாக இருந்தது. அவளுக்குப் பின்னால் விட்டத்தில், தொட்டில் துணியை அவிழ்க்காமல் சுருட்டி மேலே முடிந்து வைத்திருந்தார்கள்.

"வாய்க்காலை யார் அடைத்தது?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பாவாயியைப் பார்த்தாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

"நீதானே அம்மிணி சொன்ன? மலைஜலம் குடிச்சாப் பேதி வரும்னு?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ராமாயி கையை நீட்டினாள். விரல் போன திசையில் கொல்லிமலை நீலமாக நின்றது.

"ஜலம்னா தண்ணீங்க. கோயில்ல அய்யரு சொல்லுவாருங்க. மலைஜலம்னா மலைத்தண்ணி. மலைஜலத்தக் கண்டா வெலகிப் போங்கன்னு அம்மிணி எவ்வளவு நல்லாச் சொல்லுச்சு. மக்யா நாள் விடிஞ்சதுமே பண்ணாடி ஆளு உட்டு அடைச்சுப்போட்டாரு. அப்பறம் கீழக் குட்டைத் தண்ணியத்தான் மோந்து குடிச்சோம். மாடு எறங்கற குட்டைங்க. எஞ்சாமிக்கும் அதத்தான் குடுத்தேன்."

திரும்பித் தொட்டில் துணியைப் பார்த்தாள்.

"ஒரு பொட்டு மலைத்தண்ணி குடுக்கலீங்க. எஞ்சாமி சத்தியமா குடுக்கலீங்க."

அவள் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்! நாங்கள் சொன்னபடிதான் செய்ததாக எங்களுக்கு நிரூபித்துக்கொண்டிருந்தாள்!

மலஜலம். மலைஜலம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மலஜலம் என்று அச்சில் இருப்பதை, மலையைப் பார்த்துக்கொண்டே பிறந்து வளர்ந்த காது வேறெப்படிக் கேட்கும்? அந்த ஊர்க் குழந்தையைப் புதைத்த மண்ணில் சபாபதியின் தமிழ் இருந்தது, என் இஸ்திரிப் பேச்சு இருந்தது, பாவாயியின் பிசகாத ஒப்பிப்பு இருந்தது. எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லாரும் நன்றாகவே செய்திருந்தோம்.

திரும்பிப் பார்த்தபோது பாவாயி பக்கத்தில் இல்லை. தலைமடையில் முள்ளை வெறுங்கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். பண்ணாடியின் ஆள் ஒருவன் ஓடிவந்தான்.

"ஏனம்மிணி, யாரக் கேட்டு எடுக்கற?"

"யாரக் கேட்டு அடைச்சீங்க?"

"உன்னையக் கேட்டுத்தான்!"

அவள் கையில் இருந்த கல் விழுந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவனே என்ன நினைத்தானோ, மண்வெட்டியை எடுத்துவந்து பூச்சைக் கொத்தினான். தண்ணீர் வந்தது. ஒன்றுமே நடக்காததுபோல் சலசலத்துக்கொண்டு வந்தது.

நாங்கள் வண்டி ஏறுகிற வரைக்கும் ராமாயி வாசற்படியை விட்டு எழவில்லை. அந்தத் தண்ணீரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

6

"கூட்டத்துல நான் பேச மாட்டேனுங்க நர்சம்மா" என்றாள் பாவாயி. கை முழுதும் முள் கீறல். அவள் வாயில் வீடு மறுபடி ஊடாகிவிட்டிருந்தது. "அந்தச் சொல்லு இனி எம்பட வாய்ல வராதுங்க."

"பேசாவிட்டால் சித்திரையில் மாமன் வீடு, பிள்ளை."

"மாட்டுக்குத் தண்ணி காட்டறப்ப ஒண்ணும் பேச வேண்டாமுங்களே. அதுக எதையும் தப்பாக் கேக்காது."

நான் சபாபதியிடம் போனேன். நடந்ததைச் சொன்னதும் மனிதர் நாற்காலியில் ஒடுங்கிவிட்டார். பிரசங்கத் தாளை எடுத்து அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"மலன்னுதானேம்மா போட்டிருக்கேன்? மலைன்னு போடலியே?"

"காதுக்கு எழுத்து தெரியாது, ஐயா. சொல்லை மாற்றுங்கள்."

"எதை வைக்கச் சொல்றீங்க?"

சொன்னேன். அவர் காதைப் பொத்தாத குறை.

"அந்த அசிங்கத்தையா? மேடையிலயா? பெரிய மனுஷங்க குடும்பத்தோட வர்றாங்கம்மா! புது வார்த்தை யோசிப்போம், அடுத்த வருஷம் பார்ப்போம். இந்த வருஷம் அந்தப் பொண்ணு உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். ஒரு எழுத்து மாறினாலும் சிபாரிசு கிடையாது. விதி அது. நான் போட்ட விதிதான், ஆனாலும் விதி."

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. தலைவர் ஓய்வுபெற்ற டாக்டர், பெருத்த சரீரம். முன்வரிசையில் பட்டுச் சேலைகள். கடைசி வரிசையில் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாவாயியின் அப்பா. அவள் வருவாளா என்பதே எனக்கு நிச்சயமில்லை. வந்தாள். மேடையேறினாள். ஆரம்பித்தாள். ஈக்களைப் பற்றி, கைகழுவுவதைப் பற்றி, மணிமணியாகப் போனது. சபாபதி தாளில் விரல் ஓட்டியபடி தலையாட்டினார்.

அந்த இடம் வந்தது. நின்றாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்து சபாபதி மெல்ல எடுத்துக்கொடுத்தார்: "மல... மலஜ..."

பாவாயி அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். பிறகு எங்கள் எல்லார் தலைக்கும் மேலாக, தூரத்தில் யாரோ நிற்பதுபோலப் பார்த்து, சொந்தக் குரலில் பேசினாள்.

"ஏனுங்க, கேட்டுக்கோங்க. மலைத்தண்ணி நல்ல தண்ணி. அதக் குடிங்க. நாம வெளிக்கிப் போற எடத்துத் தண்ணி இருக்குது பாருங்க, வெளிக்கிப் போயிட்டுக் கால் கழுவற குட்டைத் தண்ணி, அதக் குடிச்சாத்தான் பேதி வரும். கொழந்தைக்கு அதக் குடுக்காதீங்க. சாமி செத்துப்போயிரும்."

மண்டபம் விறைத்தது. யாரோ 'சீ' என்றார்கள். ஒரு சிரிப்பு வெடித்து அமுங்கியது. "உட்காரும்மா! போதும், உட்காரு!" என்று சபாபதி எழுந்தார். பட்டுச் சேலைகள் முந்தானையை இழுத்துக்கொண்டு எழத் தொடங்கின. கடைசி வரிசையில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவள் மேடையிலேயே நின்றாள். இன்னும் ஒரு பத்தி பாக்கி இருந்தது.

நான் எழுந்துவிட்டேன். எதற்கு எழுந்தேன், என்ன சொல்ல நினைத்தேன், தெரியாது. ராமாயியின் விட்டத்தில் முடிந்திருந்த துணிதான் கண்முன் இருந்தது. இத்தனை வருஷ இஸ்திரி ஒரே நொடியில் கசங்கியது. கேட்க மாட்டீர்களா, கேட்கப் பிடிக்காதவர்கள் போய்த் தொலையுங்கள் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வாய் தன் வீட்டுக்கு ஓடியது.

"கேக்க மனமில்லாத ஆக்கள் எல்லாரும் வெளிக்கிடுங்கோ!" என்று கத்தினேன்.

ஐயோ.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. மண்டபம் முழுதும் அப்படியே நின்றது, பாதி எழுந்தது பாதி எழாதது. எருமப்பட்டிக் கதை இந்த ஜில்லாவில் தெரியாதவர் யார்? பின்பக்கத்திலிருந்து லாந்தர்க்காரரின் குரல் பவ்வியமாக வந்தது:

"போறவங்க போலாமுங்க. கொல்லப்பக்கம் தண்ணி வச்சிருக்குது."

அவ்வளவுதான். தலைவரின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு மண்டபமே. ஆனால் ஒருவரும் வெளியே போகவில்லை, போக முடியாது! அந்த நிமிஷத்தில் வாசலைத் தாண்டுகிறவர் எதற்குப் போகிறார் என்று ஊரே சொல்லிவிடும். எழுந்த பட்டுச் சேலைகள் ஒவ்வொன்றாக, ஏதோ முந்தானை சரிசெய்யத்தான் எழுந்ததுபோல, உட்கார்ந்தன.

"முடிச்சிரு பொண்ணே" என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பாவாயி சிரிக்கவில்லை. பாக்கிப் பத்தியை முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

தலைவர் சொன்னதால் சிபாரிசு எழுதப்பட்டது. அடியில் சபாபதி கைப்பட ஒரு வரி சேர்த்தார்: 'பேச்சில் பண்பு போதாது.' பாவாயியின் அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "லாயக்குன்னு இருக்குதுங்களா?" என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்பச் சரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். மாமனைப் பற்றி அப்புறம் பேச்சில்லை.

புதிய பிரசங்கத் தாள் போன வாரம் அச்சாகி வந்தது. அந்தச் சொல்லை அச்சில் போட சபாபதிக்கு மனம் வரவில்லை. மலஜலம் இருந்த இடத்தில் மூன்று புள்ளிகள். கீழே சிறிய எழுத்தில், 'இவ்விடத்தில் அந்தந்த ஊர் வழக்குச் சொல்லை இட்டுக்கொள்க.' அவரால் முடிந்தது அது. குறை சொல்ல எனக்கு மனமில்லை.

7

வேலை நிரந்தரமானதும் பாவாயி முதலில் போக விரும்பிய ஊர் எது என்று சொல்ல வேண்டியதில்லை. நானும் கூடப் போனேன். லாந்தர் இல்லை, தாள் இல்லை.

ராமாயி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். வெயில் தலையில் இறங்கியது. பாவாயி கூப்பிடவுமில்லை, திரும்பவுமில்லை. படிக்குக் கீழே நின்றாள்.

வெகுநேரம் கழித்து ராமாயி ஒரு செம்போடு வந்தாள். எனக்கு நீட்டவில்லை, அவளுக்குத்தான் நீட்டினாள். பாவாயி இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்தாள். தண்ணீர் தெளிவாக இருந்ததா, கலங்கி இருந்ததா, செம்புக்குள் நான் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

ராமாயி அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தண்ணின்னு கேக்காமக் குடிச்சுப்போட்டயே அம்மிணி?"

பாவாயி வாயைத் துடைக்கவில்லை. காலிச் செம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ கேட்டயா, அக்கா? நாஞ் சொன்னப்ப?"

ராமாயி செம்பை வாங்கிக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழுந்த மண் கறுத்தது. பிறகு படியில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை உள்ளங்கையால் தட்டினாள்.

"ஏறி வா. இப்பச் சொல்லு, எனக்குப் புரியறாப்பல."